கணினிக் கேள்வி–பதில்: லினக்ஸில் தானாக மாறும் வால்பேப்பர்

கேள்வி: ஒரு கணினியில் லினக்ஸ் மின்ட்டும், மடிக்கணினியில் உபுண்டுவும் பயன்படுத்துகிறேன். மின்ட்டில் ஒரு கோப்புறையைக் காட்டியதும் அதிலுள்ள படங்கள் வால்பேப்பராக ஒன்றன்பின் ஒன்றாக மாறுகின்றன. உபுண்டுவில் எவ்வளவு தேடியும் அந்த வசதி தென்படவில்லை. இரண்டும் லினக்ஸ்தானே, ஏன் இப்படி?

பதில்: வால்பேப்பரை வரைவது லினக்ஸ் அன்று, அதன் மேல் இயங்கும் டெஸ்க்டாப் சூழல், அதாவது திரையில் சாளரங்களையும் பட்டியல்களையும் காட்டும் மென்பொருள். உங்கள் மின்ட்டில் இருப்பது பெரும்பாலும் சின்னமன். உபுண்டுவிலோ 2017இல் வெளிவந்த 17.10 பதிப்பு முதல் க்னோம்தான் இயல்பான சூழல். ஆகவே இத்தகைய ஐயங்களை எழுதும் வாசகர்கள் எந்த லினக்ஸ் என்பதோடு எந்த டெஸ்க்டாப் என்பதையும் குறிப்பிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். கேடிஇ பிளாஸ்மா என்னும் இன்னொரு சூழலில் டெஸ்க்டாப்பின் மீது வலது சொடுக்குச் செய்து, வால்பேப்பர் வகையை ஸ்லைடுஷோ என்று மாற்றினால் போதும். படங்களின் வரிசையையும் இடைவெளியையும் அங்கேயே தீர்மானிக்கலாம். எக்ஸ்எஃப்சிஇ என்னும் சூழலின் டெஸ்க்டாப் அமைப்புகளிலும் இதற்கெனத் தேர்வுப் பெட்டி உண்டு. க்னோமை உருவாக்கியவர்கள் அமைப்புப் பக்கங்களைச் சுருக்கமாக வைப்பதில் பிடிவாதமானவர்கள். அதனால் பொத்தான் இல்லையே தவிர, படங்களை மாற்றும் பொறி உள்ளே இருக்கத்தான் செய்கிறது. அதை இயக்க எளிய வழி, ஷாட்வெல் என்னும் படத் தொகுப்பு மென்பொருளை நிறுவி, வேண்டிய படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை டெஸ்க்டாப் ஸ்லைடுஷோவாக அமைக்கும் கட்டளையைக் கொடுப்பது.

கேள்வி: ஷாட்வெல் மூலம் அமைத்துவிட்டேன். ஆனால் கோப்புறையில் புதிதாகச் சேர்த்த படங்கள் திரைக்கு வரவே இல்லை. மேலும், காலையில் ஒரு படம், இரவில் ஒரு படம் என நேரத்துக்கு ஏற்ப மாறும்படி செய்ய இயலுமா?

பதில்: இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. க்னோம் கோப்புறையைப் பார்ப்பதில்லை. ஓர் எக்ஸ்எம்எல் கோப்பை, அதாவது குறிச்சொற்களிட்ட உரைக் கோப்பைத்தான் படிக்கிறது. ஷாட்வெல் உங்களுக்காக எழுதிக் கொடுத்ததும் அதையே. அன்று தேர்ந்தெடுத்த படங்களின் முழு முகவரிகள் மட்டுமே அதில் உள்ளன என்பதால், பிறகு சேர்த்தவை அதற்குத் தெரியாது. படங்களை வேறு இடத்துக்கு நகர்த்தினாலும் இதே சிக்கல்தான். மீண்டும் தேர்ந்தெடுத்து அமைக்கலாம். அல்லது கோப்பை உரைத் திருத்தியில் திறந்து நீங்களே எழுதலாம்.

பார்க்க மிரட்டலாகத் தோன்றினாலும் அதன் இலக்கணம் மிகச் சிறியது. முதலில் ஒரு தொடக்க நேரம். பிறகு, ஒரு படம் எத்தனை நொடி அசையாமல் நிற்க வேண்டும் என்னும் பகுதியும், அது அடுத்த படமாகக் கரைந்து மாற எத்தனை நொடி ஆக வேண்டும் என்னும் பகுதியும் மாறி மாறி வரும். கடைசிப் படம் முதல் படமாக மாறும்படி எழுதினால் சுற்று முழுமையாகும். தொடக்க நேரத்திலிருந்து இதுவரை எத்தனை நொடிகள் கடந்துள்ளன என்று கணக்கிட்டு, அதை மொத்தச் சுற்றின் நீளத்தால் வகுத்து, வரும் மீதியைக் கொண்டே எந்தப் படம் என்பதை க்னோம் முடிவு செய்கிறது. நீங்கள் கேட்ட காலை, இரவு வித்தை இந்தக் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது: சுற்றின் நீளம் சரியாக 86,400 நொடிகளாக, அதாவது ஒரு நாளாக இருந்துவிட்டால், ஒவ்வொரு படமும் நாள்தோறும் அதே நேரத்தில் வந்து நிற்கும்.

எடுத்துக்காட்டாக, தொடக்க நேரத்தைக் கடந்துபோன ஏதாவது ஒரு நாளின் காலை 6 மணியாக எழுதிக்கொள்ளுங்கள். நான்கு படங்கள், ஒவ்வொன்றும் நிற்பதற்கு 21,000 நொடிகள், மெல்லக் கரைந்து மாறுவதற்கு 600 நொடிகள். ஆக ஒரு படத்துக்கு 21,600, நான்குக்கும் 86,400. இங்கே பலரும் செய்யும் பிழை, நிற்கும் நேரத்தையே 21,600 என்று எழுதிவிட்டு, மாறுவதற்கு 5 நொடிகளைத் தனியாகச் சேர்ப்பது. நாளொன்றுக்கு 20 நொடிதான் பிசகும் என்பதால் முதலில் கண்ணில் படாது. 180 நாள் கழித்துப் பார்த்தால் காலைப் படம் ஒரு மணி நேரம் தாமதமாக எட்டிப்பார்க்கும். நானே இப்படி ஒரு முறை ஏமாந்திருக்கிறேன்.

கேள்வி: திரையை இருண்ட தோற்றத்துக்கு மாற்றினால் ஸ்லைடுஷோ மறைந்து பழைய படமே வருகிறதே?

பதில்: 2022இல் வெளியான க்னோம் 42 முதல், வெளிர் தோற்றத்துக்கு ஒன்று, இருண்ட தோற்றத்துக்கு ஒன்று என வால்பேப்பர் முகவரி இரண்டு இடங்களில் சேமிக்கப்படுகிறது. க்னோமின் உள்ளமைப்புகளை நேரடியாகத் திருத்த உதவும் டிகான்ஃப் எடிட்டரைத் திறந்து, பின்னணிக்கான பகுதியில் அந்த இரண்டிலும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பைக் குறிப்பிடுங்கள்.

கேள்வி: கைப்பேசியில் எடுத்த குடும்பப் படங்களை வைத்தால் தலைகள் வெட்டுப்படுகின்றன.

பதில்: கைப்பேசிப் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருக்கும், திரையோ 16:9. திரையை முழுதும் நிரப்பும்படி படத்தைப் பெரிதாக்கினால், கிடைமட்டப் படத்தின் உயரத்தில் கால் பங்கு வெளியே போய்விடும். நெடுவாக்கில் எடுத்த படமானால் பாதிக்கும் மேல் போய்விடும். விகிதம் மாறாமல் முழுப் படத்தையும் காட்டும் தேர்வுக்கு மாறினால் தலைகள் தப்பும், ஆனால் இருபுறமும் வெற்றிடம் இருக்கும். பிளாஸ்மாவில் அந்த வெற்றிடத்தை அதே படத்தின் மங்கலான நிழலால் நிரப்பலாம். என் கண்ணுக்கு அதுவே அழகு. மற்ற சூழல்களில் நெடும்படங்களைத் தனிக் கோப்புறைக்கு ஒதுக்கிவிடுவது நல்லது.

கேள்வி: படத்தை மாற்றும் சிறு நிரல் ஒன்றை நானே எழுதினேன். கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் டெர்மினலில் இயக்கினால் படம் மாறுகிறது. குறித்த நேரத்தில் நிரல்களைத் தானாக இயக்கும் க்ரானில் சேர்த்தால் ஒன்றும் நடப்பதில்லை. பிழைச் செய்தியும் இல்லை.

பதில்: உங்கள் நிரலில் குறை இல்லை. க்ரான் உங்கள் பெயரில் இயங்கினாலும், நீங்கள் உள்நுழைந்திருக்கும் டெஸ்க்டாப் அமர்வுக்கு வெளியே இயங்குகிறது. அமைப்புகளை மாற்றும் ஜிசெட்டிங்ஸ் கட்டளை டிபஸ் என்னும் செய்தித் தடத்தின் வழியாகவே அமர்வைச் சென்றடைய வேண்டும். அந்தத் தடத்தின் முகவரி டெர்மினலுக்குத் தெரியும், க்ரானுக்குத் தெரியாது. முகவரியை நிரலுக்குள் எழுதிவிட்டும் சமாளிக்கலாம். அதைவிட, லினக்ஸின் பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் டைமர் ஒன்றை உங்கள் பயனர் கணக்கிலேயே அமைப்பதை நான் பரிந்துரைப்பேன். நிரலை இயக்கும் சர்வீஸ் கோப்பு ஒன்று, இடைவெளியைச் சொல்லும் டைமர் கோப்பு ஒன்று என இரண்டே சிறு கோப்புகள் போதும். அமர்வின் முகவரி அதற்குத் தானாகவே கிடைத்துவிடும். நிரலில் கோப்புப் பெயரை மேற்கோள் குறிகளுக்குள் இட்டிருக்கிறீர்களா என்பதையும் ஒரு முறை பாருங்கள். வாட்ஸ்அப் வெப் வழியாக இறக்கிய படங்களின் பெயர்களில் இடைவெளிகள் இருக்கும், அங்கேதான் இத்தகைய நிரல்கள் தடுக்கி விழுகின்றன.