அட்டைக்குள்ள ஒட்டியிருக்கற சீட்டை பிச்சு எடுக்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், போன மாசம் பாண்டி சண்டே மார்க்கெட்ல ஒரு பழைய பிரெஞ்சு புத்தகம் 150 ரூபாய்க்கு வாங்கினேன். எனக்கு பிரெஞ்சு படிக்கத் தெரியாது, தோல் பைண்டிங் நல்லா இருந்துச்சுன்னு எடுத்தேன். அட்டையைத் திறந்தா உள்பக்கம் சின்னதா ஒரு படம் ஒட்டியிருக்கு, ஒரு கேடயம், மேல கிரீடம், கீழ எக்ஸ் லிப்ரிஸ்னு போட்டு ஒரு பேரு. இதை மட்டும் தனியா எடுத்து ஆன்லைன்ல போட்டா ஆயிரக்கணக்குல போகும்னு கூட வேலை பாக்கறவர் சொல்றாரு. தண்ணில ஊறவச்சு எடுத்துடலாமா?
- லாஸ்பேட்டை வாசகர்

பதில்: வேணாங்க, தயவுசெஞ்சு தண்ணி பக்கமே கொண்டு போகாதீங்க. எக்ஸ் லிப்ரிஸ்ங்கறது லத்தீன், இன்னாரோட புத்தகங்கள்லேருந்துன்னு அர்த்தம், இங்கிலீஷ்ல புக்பிளேட்னு சொல்வாங்க. நாம முதல் பக்கத்துல பேரெழுதி வைக்கறோமே அதேதான், வசதி இருந்தவங்க ஆள் வச்சு வரைஞ்சு செதுக்கி அச்சடிச்சு ஒட்டிக்கிட்டாங்க. 15ஆம் நூற்றாண்டு ஜெர்மனில தொடங்கின பழக்கம் இது. 1480 வாக்குல ஹில்டபிராண்ட் பிராண்டன்பர்க்னு ஒருத்தர் புக்ஸ்ஹைம் மடத்துக்கு புத்தகம் தானமா கொடுத்தப்போ, ஒரு தேவதை அவர் குடும்பச் சின்னமான கேடயத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கற மாதிரி மரக்கட்டை அச்சுல சீட்டு போட்டு கையால கலர் பூசி ஒட்டினார், அது இன்னைக்கும் இருக்கு. அதுக்கு இருபது வருஷம் கழிச்சு ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் தன் சிநேகிதர் பிர்க்ஹைமருக்கு செஞ்சு கொடுத்த சீட்டுல 'தனக்கும் தன் நண்பர்களுக்கும்'னு லத்தீன்ல இருக்கும். ஐநூறு வருஷம் கழிச்சு கடலூர்ல உக்காந்துக்கிட்டு அதைப் படிக்கும்போது, இந்த மனுஷன் வீட்டுக்குப் போயிருந்தா நமக்கும் ஒரு புத்தகம் இரவல் கிடைச்சிருக்கும்னு தோணுது எனக்கு.

இப்ப உங்க புத்தகத்தை வெளிச்சத்துல எடுத்துப் பாருங்க. கிரீடத்துல எத்தனை முத்து தெரியுதுன்னு எண்ணுங்க, பிரெஞ்சு வழக்கத்துல ஒன்பது முத்துன்னா கோம்த்ங்கற பிரபு பட்டம், ஆனா பட்டம் இல்லாமலே ஆசைக்கு கிரீடம் போட்டுக்கிட்டவங்களும் அந்தக் காலத்துல நிறைய இருந்தாங்க, அதனால கிரீடத்தை மட்டும் நம்பி பிரபு வீட்டுப் புத்தகம்னு முடிவு பண்ணிடாதீங்க. கிரீடத்துக்குப் பதிலா அகலமான தொப்பியும் ரெண்டு பக்கமும் தொங்கற குஞ்சமும் இருந்தா அது திருச்சபைக்காரங்க, பொதுவா பக்கத்துக்கு ஆறு குஞ்சம்னா ஆயர், பத்துன்னா பேராயர். கேடயம் சாய்சதுரமா இருந்தா பெரும்பாலும் ஒரு பொம்பளையோட புத்தகம், அப்படி ஒண்ணு கிடைச்சா விடவே விடாதீங்க. இன்னொண்ணு, 1790 ஜூன்ல பிரான்ஸ்ல பரம்பரைப் பட்டத்தையும் கேடயத்தையும் ஒழிச்சு சட்டம் போட்டாங்க, அதனால அந்தச் சமயத்துச் சீட்டுல கேடயம் இல்லாம வெறும் பேரு மட்டும் இருந்தா அதுக்குப் பின்னாடி ஒரு பயம் இருந்திருக்கலாம். சீட்டு கொஞ்சம் தடிப்பா தெரிஞ்சா சாய்ச்சு வச்சு டார்ச் அடிச்சுப் பாருங்க, பழைய சொந்தக்காரர் சீட்டு மேலயே புதுசா வாங்கினவர் தன்னோடதை ஒட்டியிருப்பார், ரெண்டு பேரோட ஓரமும் தெரியும்.

பாண்டில இது கிடைக்கறதுல ஆச்சரியம் இல்ல. 1954 வரைக்கும் பிரெஞ்சு நிர்வாகம், ரோமேன் ரோலன் நூலகமே 1827ல ஆரம்பிச்சது, எத்தனையோ அதிகாரி, ஜட்ஜ், பாதர், வாத்தியார் வீட்டுல புத்தகம் இருந்திருக்கும், ஊரை விட்டுப் போகும்போது பெட்டி பெட்டியா வித்துட்டுப் போறதும் நடக்கறதுதானே. சீட்டை உரிச்சு வித்துட்டா யாரோ ஒருத்தர் பேரும் ஒரு கேடயமும் மட்டும்தான் மிஞ்சும், அவர் என்ன படிச்சார், எந்தப் பக்கத்து ஓரத்துல பென்சிலால கோடு போட்டார்ங்கறது உங்க கைல இருக்கற புத்தகத்தோட போயிடும். விலைன்னு பாத்தாலும், சாதாரண 19ஆம் நூற்றாண்டு கேடயச் சீட்டு வெளிநாட்டுல சில பிரிட்டிஷ் பவுண்டுக்கே கிடைக்குது, ஆயிரக்கணக்குல போகணும்னா பேர் பெத்த ஆளா இல்ல பேர் பெத்த ஓவியரா இருக்கணும். வெளிநாட்டுக்காரர் யாராவது கேட்டு நீங்க பார்சல் போடலாம்னு நினைச்சா அதுலயும் சிக்கல் இருக்கு, 1972 தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேலான கலைப்பொருளையும், வரலாற்று மதிப்புள்ள 75 வருஷம் தாண்டின கையெழுத்துப் பிரதி, ஆவணம் மாதிரியானதையும் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகம்னா தொல்லியல் துறைகிட்ட இது தொல்பொருள் இல்லைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டுத்தான் அனுப்பணும்.

நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு ஒரு காரணம் இருக்கு. ரொம்ப வருஷம் முன்னாடி ஒரு தமிழ் புத்தகத்துலேருந்து பூ பார்டர் போட்ட பேர் சீட்டு ஒண்ணை வெதுவெதுப்பான தண்ணில வச்சு எடுக்கப் பாத்தேன், சீட்டு மேல ஊதா ரப்பர் ஸ்டாம்ப் ஒண்ணு இருந்துச்சு, அந்த ஊதா மை தண்ணி பட்டா கரையும்னு எனக்கு அப்ப தெரியாது. ரெண்டு நிமிஷத்துல கிண்ணம் முழுக்க நாவப்பழச் சாறு மாதிரி ஆயிடுச்சு, ஊர் பேரும் போச்சு ஆள் பேரும் போச்சு. அது யாரோட புத்தகம்னு இனிமே யாருக்கும் தெரியப் போறதில்ல. இன்னைக்கும் மனசு கேக்கல.

கேள்வி: '1700களின் ஒரிஜினல் காப்பர் பிளேட் எக்ஸ் லிப்ரிஸ்'னு போட்டிருந்த ஒண்ணை ஒரு வெப்சைட்ல 3,200 ரூபாய் கொடுத்து வாங்கினேன், வந்தது கம்ப்யூட்டர் பிரிண்ட் மாதிரி இருக்கு. கேட்டா பழைய பொருளுக்கு ரிட்டர்ன் கிடையாதுங்கறாங்க. அவங்க சொல்றது சரியா?
- மஞ்சக்குப்பம் வாசகி

பதில்: சரியில்லம்மா. 2020 இ-காமர்ஸ் விதிப்படி, விளம்பரத்துல சொன்ன மாதிரி பொருள் இல்லைன்னா திருப்பி எடுத்துக்க மாட்டேன்னு விக்கறவர் சொல்ல முடியாது. பழசு, ரிட்டர்ன் இல்லன்னு அவங்களா போட்டுக்கற போர்டு சட்டத்துக்கு மேல இல்ல.

ஆனா புகார் பண்றதுக்கு முன்னாடி நிஜமாவே போலியான்னு உறுதி பண்ணிக்குங்க. பத்து மடங்கு லென்ஸ் ஒண்ணு வாங்கிக்குங்க, அதுல பாத்தா செப்புத்தகட்டு அச்சுல கோடு கோடாத்தான் இருக்கும், மை லேசா மேடா நிக்கும், விரல் நுனிக்கே தெரியும். புள்ளி புள்ளியா தெரிஞ்சா போட்டோ எடுத்து அடிச்சது இல்லன்னா பிரிண்டர். தகட்டை அழுத்தின சதுரப் பள்ளம் சுத்தி தெரியும், ஆனா நிறைய சீட்டை அதுக்கு உள்ளயே கத்தரிச்சிருப்பாங்க, பள்ளம் இல்லைங்கறதால மட்டும் போலின்னு சொல்ல முடியாது. ரூபா நோட்டு பாக்கற யுவி டார்ச்சை இருட்டுல அடிங்க, பேப்பர் பளிச்சுனு நீலமா ஒளிர்ந்தா அது 1950க்கு அப்புறம் வந்த வெள்ளையாக்கற கெமிக்கல் போட்ட பேப்பர், 1700க்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. இன்னொரு வகையும் உண்டு, தகடு நிஜமான பழசு, அதை வச்சு பின்னாடி புது பேப்பர்ல அடிச்சது, அது போலி இல்ல ஆனா விலை வேற, அதை விக்கறவர் சொல்லியே ஆகணும்.

உறுதியாச்சுன்னா விளம்பரத்தோட ஸ்கிரீன்ஷாட், பில், யுவி போட்டோ எல்லாத்தையும் வச்சு அந்த வெப்சைட்டோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் போடுங்க, 48 மணி நேரத்துல கிடைச்சுதுன்னு பதில் போட்டு ஒரு மாசத்துல தீர்க்கணும். நடக்கலைன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. அதுக்கும் மசியலைன்னா கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துலயே கேஸ் போடலாம், 2019 சட்டத்துல நீங்க குடியிருக்கற ஊர்லயே போடலாம்னு இருக்கு, விக்கறவர் மும்பைல இருந்தாலும் சரி. 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். ஒரு விஷயம் மட்டும் பாத்துக்குங்க, விக்கறதையே தொழிலா வச்சிருக்கறவரா இல்ல வீட்டுல இருந்த பழசை ஒரு தடவை வித்தவரான்னு. ரெண்டாவது வகைன்னா நுகர்வோர் சட்டம் அவ்வளவா கை கொடுக்காது.

பிரபலங்க பேரைப் பாத்தா இன்னும் ஜாக்கிரதையா இருங்க. ஜார்ஜ் வாஷிங்டன் புக்பிளேட்டையே போலியா அடிச்சு சாதாரணப் புத்தகத்துல ஒட்டி வித்திருக்காங்க. சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூன்ல செத்தப்போ அவர் லைப்ரரியை வாங்கி வித்த கடைக்காரங்க, 'ஜூன் 1870'னு போட்டு ஒரு சீட்டு அடிச்சு ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒட்டினாங்க, அது நிஜமான சீட்டுதான், ஆனா டிக்கன்ஸ் கையால ஒட்டினது இல்ல, அப்புறம் அதையும் காப்பி அடிச்சுட்டாங்க.

கேள்வி: தமிழ் புத்தகத்துல இந்த மாதிரி உண்டா? ஆல்பம் ஆல்பமா சேக்கற அளவுக்கு என்கிட்ட காசு இல்ல.
- நெல்லிக்குப்பம் வாசகர்

பதில்: காசே வேணாம் தம்பி. கேடயம் போட்ட சீட்டு நம்ம பக்கம் குறைவு, அதுக்குப் பதிலா ரப்பர் ஸ்டாம்ப், பள்ளிக்கூடத்துல பரிசா கொடுத்தப்போ ஒட்டின லேபிள், கடைக்காரர் மூலைல ஒட்டற தபால்தலை சைஸ் சீட்டு இதெல்லாம் ஏராளம். சென்னைல 1844லேருந்து இருக்கற ஹிக்கின்பாதம்ஸ் மாதிரி கடைங்க ஒட்டின சீட்டு, அந்தப் புத்தகம் எந்த ஊர்ல எந்தக் கடைல விலை போச்சுன்னு சொல்லிடும். 50, 100 ரூபாய்க்கு வர்ற பழைய புத்தகத்துலயே இதெல்லாம் இருக்கு, அட்டையைத் திறந்து பாக்காம வாங்காதீங்க, அவ்வளவுதான்.

என்கிட்ட ஒண்ணு இருக்கு, திருப்பாதிரிப்புலியூர்ல பழைய பேப்பர் கடைல எடுத்தது. உள்ளட்டைல ஊதா ஸ்டாம்ப்ல பேரும் ஊரும், அதுக்குக் கீழ பென்சில்ல வரிசையா ஏழு பேர், ஒவ்வொருத்தர் பக்கத்துலயும் ஒரு தேதி, இரவல் கொடுத்த கணக்கு. திரும்பி வந்ததும் பேரைக் கோடு போட்டு அடிச்சிருக்கார். ஆறு பேர் அடிச்சாச்சு, ஏழாவது பேர் மேல கோடு இல்ல.

கேள்வி: லைப்ரரி முத்திரை இருக்கற புத்தகத்தை பிளாட்பாரத்துல விக்கறாங்க, வாங்கலாமா?
- முத்தியால்பேட்டை வாசகர்

பதில்: 'கழிக்கப்பட்டது'ன்னோ 'வித்ட்ரான்'னோ இன்னொரு முத்திரை இருக்கான்னு பாருங்க. இருந்தா தாராளமா வாங்கலாம். இல்லைன்னா விட்டுடுங்க, முடிஞ்சா அந்த லைப்ரரிக்கு ஒரு போன் போட்டு சொல்லுங்க. முத்திரையை பிளேடால சுரண்டியிருந்தா எவ்வளவு அபூர்வமான புத்தகமா இருந்தாலும் கீழ வச்சுட்டு வந்துடுங்க.

கேள்வி: கடல்காத்து ஈரத்துல சீட்டெல்லாம் பிரிஞ்சு வருது, ஃபெவிகால் போட்டு ஒட்டலாமா?
- கடலூர் ஓ.டி. வாசகி

பதில்: ஃபெவிகால், செலோடேப், லேமினேஷன் மூணும் கூடாதும்மா, பின்னாடி எடுக்கவே முடியாது, டேப் மஞ்சளா கறையும் விட்டுடும். பிரிஞ்சு வந்தா அப்படியே ஒரு அமிலமில்லா பேப்பர் உறைல போட்டு அதே புத்தகத்துக்குள்ள வச்சிருங்க. ஒட்டியே ஆகணும்னா கோதுமை மாவுச் சத்துல காய்ச்சின பசை, அதுவும் ஓரத்துல மட்டும் துளி போதும், நிறைய பூசினா அதைத் தின்னத்தான் ராமபாணப் பூச்சி வரும். அலமாரியை சுவத்தோட ஒட்டிப் போடாம நாலு விரல் தள்ளிப் போடுங்க, மழைக்காலம் முடிஞ்சதும் ஒரு தடவை எல்லாத்தையும் இறக்கி ஃபேன் காத்துல விரிச்சு வைங்க, வெயில்ல மட்டும் வேணாம்.