காது கேட்பதைச் சோதிக்கும் பெரா எடுத்த பிறகு கார்ட்டிகல் டெஸ்ட் எதற்கு? (வாசகர் கேள்வி - பதில்)

கேள்வி: மகனுக்குப் பத்து மாதம். பெரா டெஸ்டில் இரண்டு காதிலும் 70 டெசிபலில்தான் பதில் வந்தது. நாலு மாதமாகக் காது மெஷின் போடுகிறோம். கதவு அறைந்தால் திரும்புகிறான். பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. இப்போது ‘கார்ட்டிகல்’ என்று இன்னொரு டெஸ்ட் எழுதித் தந்திருக்கிறார்கள். பெராதான் எடுத்தாச்சே, இது எதற்கு? மறுபடியும் தூக்க மருந்து கொடுக்கணுமா?
- ஒரு தாய், குளச்சல்

பதில்: தூக்க மருந்து கொடுத்துவிடாதீர்கள், அம்மா. பெராவுக்குப் பிள்ளை தூங்க வேண்டும். கார்ட்டிகலுக்கு விழித்திருக்க வேண்டும். கண் சொருகினாலே அலையின் வடிவம் மாறிவிடும்.

பெரா பார்ப்பது, ஒலி வந்த முதல் 10 மில்லி நொடிக்குள் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை. மெஷினைக் கழற்றிவிட்டு எடுப்பது அது. அதில் கிடைத்த எண்ணை வைத்துத்தான் உங்கள் பிள்ளையின் மெஷினுக்கு அளவு வைத்திருப்பார்கள். அந்த மெஷின் வழியாகப் பேச்சு மூளையின் மேற்பகுதி வரை போய்ச் சேருகிறதா என்பதைச் சொல்வது கார்ட்டிகல். அந்தப் பதில் ஏறக்குறைய 100 முதல் 300 மில்லி நொடிக்குள் வரும்.

மெஷின் போட்டபடியே பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வீர்கள். முன்னால் ஒருவர் சத்தமில்லாத பொம்மையைக் காட்டிக்கொண்டிருப்பார். ஸ்பீக்கரிலிருந்து ‘ம்’, ‘ங்க’வில் வருகிற க, ‘ட்’ என்ற குட்டி ஒலிகள் வரும். ‘ம்’ தாழ்ந்த சுருதி, ‘ட்’ உயர்ந்த சுருதி, மற்றது நடுவில். 55 டெசிபல் மெல்லிய பேச்சு, 65 சாதாரணப் பேச்சு, 75 உரத்த பேச்சு. 65-இல் ‘ம்’முக்குப் பதில் இருந்து ‘ட்’டுக்கு இல்லையென்றால், மெஷினில் உயர் சுருதிக்கான பெருக்கம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். கூட்டுவதற்கு முன், மெஷினோடு சேர்ந்து காதுக்குள் பொருந்தும் காது அச்சைப் பாருங்கள். இந்த வயதில் காது வேகமாக வளர்கிறது; அச்சு தளர்ந்தால் விசில் அடிக்கும், ஒலியும் கசியும். கடற்கரை ஈரத்தில் குழாய்க்குள் நீர்த்துளி அடைத்துக்கொள்வதும் உண்டு. இரவில் மெஷினைச் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் வையுங்கள்.

டெஸ்டுக்கு முந்தின நாள் தலைக்குக் குளிப்பாட்டுங்கள். அதற்குப் பிறகு தேங்காயெண்ணெய் வேண்டாம், நெற்றியில் மைப்பொட்டும் வேண்டாம். உச்சியிலும் நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும்தான் எலெக்ட்ரோடு ஒட்டுவார்கள். எண்ணெய்ப் பசை இருந்தால் மின்தடை 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்காது. தேய்த்துத் தேய்த்துப் பிள்ளை அழுதுவிடும், அழுதால் பதிவு கெட்டது. பஸ்ஸில் தூங்கி எழுந்து, பால் குடித்துத் தெளிந்திருக்கும் நேரத்துக்கு அப்பாயின்ட்மென்ட் கேளுங்கள்.

பதில் பதிவாகவில்லை என்றால் ‘கேட்கவே இல்லை’ என்று மனம் உடைய வேண்டாம். ஒலி கேட்டும் சில பிள்ளைகளிடம் அலை பதிவாகாது; இன்னொரு நாள் எடுக்க வேண்டும். பதிவானாலும், ஒலி எட்டியது என்றுதான் பொருள், சொல் புரிந்தது என்றல்ல. மெஷின் போட்டு நாலு மாதம்தான் ஆகிறது, கேட்கும் கணக்கில் அவன் இன்னும் நாலு மாதப் பிள்ளை. விழித்திருக்கும் நேரமெல்லாம் மெஷின் காதில் இருக்கட்டும், பேசிக்கொண்டே இருங்கள்.

கேள்வி: பேத்திக்குப் பிறந்தவுடன் கடுமையான மஞ்சள் காமாலை. ஆஸ்பத்திரியில் காதில் குழாய் வைத்துப் பார்த்து ‘பாஸ்’ என்றார்கள். ஐந்தாம் மாதம் பெராவில் அலையே இல்லை. எதை நம்புவது? உடனே காக்ளியர் இம்ப்ளான்ட் (அறுவை செய்து உள்காதில் வைக்கும் கருவி) வைக்கச் சொல்கிறார்கள்.
- ஒரு தாத்தா, மார்த்தாண்டம்

பதில்: ஐயா, இரண்டும் உண்மையாக இருக்கலாம். முதல் டெஸ்ட் (ஓ.ஏ.ஈ) உள்காதின் மயிர்செல்கள் வேலை செய்வதைக் காட்டுகிறது. பெராவில் அலை வர, நரம்பிழைகள் ஒரே கணத்தில் துடிக்க வேண்டும். காமாலை அந்த ஒத்திசைவைக் குலைத்திருந்தால், ஆயிரக்கணக்கான பதிவுகளைச் சராசரி எடுக்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடும். இதைச் செவி நரம்பு ஒத்திசைவுக் கோளாறு என்போம். இதில் அலை இல்லாத பெரா, பிள்ளைக்கு எவ்வளவு கேட்கிறது என்பதைச் சொல்லவே சொல்லாது.

ரிப்போர்ட்டில் ரேர்ஃபாக்ஷன் (காற்றழுத்தம் குறைந்து தொடங்கும் ஒலி), கண்டன்சேஷன் (கூடித் தொடங்கும் ஒலி) என்று இரண்டு துருவத்திலும் தனித்தனியாக எடுத்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொடுத்து மட்டும் எடுத்திருந்தால், உள்காது தரும் சமிக்ஞை மறைந்துபோய் ‘முழுச் செவிடு’ என்று தவறாக எழுதப்பட வாய்ப்புண்டு.

காமாலைப் பிள்ளைகள் சிலருக்கு முதல் வருடத்தில் பதில் தேறுவதுண்டு. அதனால் பெராவைத் திரும்ப எடுங்கள், கூடவே கார்ட்டிகலும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். கார்ட்டிகல் எங்கே எடுக்கலாம் என்று அங்கே கேட்டு, போகுமுன் போனில் உறுதி செய்யுங்கள். கார்ட்டிகல் பதில் நன்றாக இருந்தால் மெஷினும் ஸ்பீச் தெரபியும் சில மாதம் பார்க்கலாம். பதிலும் இல்லை, பேச்சும் தேறவில்லை என்றால் எம்.ஆர்.ஐ.யில் நரம்பு இருப்பதை உறுதி செய்துகொண்டு இம்ப்ளான்டுக்குப் போகலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இந்த அறுவை உண்டு. ஆனால் ஆறு வயது வரை நேரம் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். மூன்றரை வயதுக்குள் வைத்த பிள்ளைகளுக்குத்தான் கார்ட்டிகல் அலை பெரும்பாலும் வயதுக்கேற்றபடி வருகிறது என்று செவித்திறன் ஆய்வாளர் அனு சர்மா குழுவினர் 2002-இல் காட்டினார்கள். சோதனைகளை இன்னும் ஆறு மாதத்துக்குள் முடித்து, முடிவெடுங்கள்.