பின்பக்கம் தாழும் பிக்கப்: ஷாக் அப்சார்பரை மாற்றினால் போதுமா?

கேள்வி: டிரெய்லரைப் பூட்டியவுடன் என் பிக்கப் வண்டியின் பின்பக்கம் வெகுவாகத் தாழ்ந்துவிடுகிறது. பள்ளத்தைக் கடந்த பிறகும் வண்டி மூன்று நான்கு முறை எழும்பி எழும்பி அடங்குகிறது. பின்பக்க ஷாக் அப்சார்பர் ஒன்றில் எண்ணெய் கசிகிறது. அதை மட்டும் மாற்றினால் போதுமா? கூடுதல் விறைப்புள்ளதைப் போட்டால் தாழ்வது நிற்குமா? நானே மாற்றலாமா?

பதில்: தாங்கள் எழுதியிருப்பவை இரண்டு தனித்தனிக் கோளாறுகள். வண்டி எழும்பி எழும்பி அடங்குவதற்குத்தான் ஷாக் அப்சார்பர் காரணம். பின்பக்கம் தாழ்வதற்குக் காரணம் ஸ்பிரிங் பட்டைகளோ டிரெய்லரில் பாரம் ஏற்றிய விதமோதான். எடையைச் சுமப்பது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது மட்டுமே ஷாக் அப்சார்பரின் வேலை என்பதால், எவ்வளவு விறைப்பானதைப் போட்டாலும் வண்டி தாழத்தான் செய்யும்.

ஆகவே பாரத்தை முதலில் பாருங்கள். சாதாரண டிரெய்லரில் மொத்த எடையின் 10 முதல் 15 விழுக்காடு இணைப்புக் கொக்கியின் மேல் இறங்க வேண்டும். 2,000 கிலோ டிரெய்லர் என்றால் 200 முதல் 300 கிலோ வரை. அந்த எடை பின் அச்சுக்கும் பின்னால் இறங்குவதால், பின்பக்கத்தை அழுத்துவதோடு முன் சக்கரங்களை இலேசாக்கி, ஸ்டியரிங்கின் பிடிப்பையும் குறைத்துவிடுகிறது. சரியான எடையிலும் வண்டி மிகவும் தாழ்ந்தால், பட்டைகளில் விரிசலோ தளர்ச்சியோ உள்ளதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இனி ஷாக் அப்சார்பர். உருளையின் மேல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போலத் தெரிந்தால் அஞ்ச வேண்டாம்; எண்ணெய் வழிந்து, அதில் புழுதி அப்பியிருந்தால், எண்ணெயை உள்ளே தடுத்து நிறுத்தும் சீல் போய்விட்டது என்று பொருள். பிக்கப்பின் பின் ஸ்பிரிங் இயல்பாகவே விறைப்பானது என்பதால், பம்பரை அமுக்கிப் பார்க்கும் வழக்கமான சோதனையை நான் நம்புவதில்லை. அதற்குப் பதிலாக, கரடுமுரடான சாலையில் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, புகைக்குழாயில் கை படாமல் இரு உருளைகளையும் தொட்டுப் பாருங்கள். உள்ளேயுள்ள எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்கித் தள்ளப்படும்போது ஆட்டத்தின் ஆற்றல் வெப்பமாக மாறுகிறது. ஆதலால் வேலை செய்யும் உருளை வெதுவெதுப்பாகவும், வேலை செய்யாதது அதைவிடக் குளிர்ந்தும் இருக்கும்.

ஒன்று மட்டும் கசிந்தாலும் ஒரே அச்சில் உள்ள இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி இருபுறமும் ஒரே சீராக அடங்காது. டிரெய்லர் இழுப்பவருக்கு, அழுத்தமூட்டிய நைட்ரஜன் வாயு நிரப்பிய வகையையே பரிந்துரைப்பேன். நெடுந்தூரம் பாரத்தோடு ஓடும்போது எண்ணெய் நுரைத்துப் பிடிப்பு குறைவதை அந்த வாயு பெரிதும் தடுக்கும்.

பின்பக்கத்தைத் தாங்களே மாற்றலாம். முன்பக்கத்தில் ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள் ஸ்பிரிங் இருந்தால் தொடவே வேண்டாம். அமுக்கப்பட்ட ஸ்பிரிங் தெறித்தால் உயிருக்கே ஆபத்து. பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கியபின், சட்டத்தை ஸ்டாண்டுகளில் நிறுத்தி, அச்சுக்கும் தனியே முட்டுக் கொடுங்கள். முட்டு இல்லாவிட்டால், பழையதைக் கழற்றியதும் அச்சு கீழே இறங்கி பிரேக் குழாயை இழுத்துவிடும். துருப்பிடித்த நட்டுகளில் முந்தைய நாளே துருநீக்கி எண்ணெய் விட்டுவைப்பது நல்லது. புதிய ஷாக் அப்சார்பரின் பளபளக்கும் தண்டைக் குறடால் பிடிக்காதீர்கள், சிறு கீறலும் புதிய சீலை அறுத்துவிடும். போல்ட்டுகளை முதலில் கையிறுக்கமாக விட்டு, வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கிய பிறகே, கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். தொங்கும் நிலையில் இறுக்கினால், போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் புஷ் முறுக்கிய நிலையிலேயே நின்று விரைவில் கிழிந்துவிடும்.

டயரை விரலால் தடவிப் பார்க்கையில் மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால், அது தளர்ந்த ஷாக் அப்சார்பரால் வந்திருக்கலாம். புதியதைப் பூட்டியபின்னும் அந்த டயரின் இரைச்சல் தொடரும். அதை மாற்றும்வரை நிற்காது.