‘அவர்’ என்பதில் இருக்கும் மரியாதை

கேள்வி: ஆங்கிலத்தில் கடவுளைச் சுட்டும் பிரதிப்பெயர்களைப் பெரிய எழுத்தில் தொடங்காவிட்டால் அவமரியாதை ஆகுமா? தமிழில் இதற்கு என்ன வழி?

பதில்: ஆகாது. 1611-இல் வெளிவந்த ஆங்கில வேதாகமமான ஜேம்ஸ் அரசர் பதிப்பே அவற்றைச் சிறிய எழுத்தில்தான் அச்சிட்டது; பழைய ஏற்பாட்டின் மூலமொழியான எபிரேயத்திலோ பெரிய, சிறிய எழுத்து என்ற வேறுபாடே கிடையாது. தமிழில் மரியாதை காட்டும் வேலையை விகுதி செய்கிறது: ‘தேவன் சிருஷ்டித்தார்’ என்று, அன் ஈற்றுப் பெயரோடு ஆர் ஈற்று வினையைத் தயங்காமல் சேர்க்கிறோம். தமிழ் வேதாகமத்தில், ரோம ஆளுநர் பிலாத்துவின் முன் நடக்கும் விசாரணையில் சுவிசேஷத்தை எழுதியவர் இயேசுவை ‘அவர்’ என்கிறார்; கூட்டமோ ‘அவனைச் சிலுவையில் அறையவேண்டும்’ என்கிறது. மரியாதை கருதி அந்த ‘அவனை’ என்பதை ‘அவரை’ என்று திருத்தினால், கூட்டத்தின் வெறுப்பே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும், தயவுசெய்து திருத்தாதீர்கள். ஜெபத்தில் ‘நீர் செய்தீர்’ என்று எழுதினால் இறுதிவரை அப்படியே எழுதுங்கள், இடையில் ‘நீங்கள்’ கலக்க வேண்டாம்.