ரூர் நிலக்கரி மேடுகளில் ஒரு லேசான நடை: கேள்வியும் பதிலும்

ஜேர்மனியின் ரூர் பகுதியில், பழைய நிலக்கரிச் சுரங்கக் கல்லைக் கொட்டி உண்டான மேடுகளை இங்கே ஹல்ட என்பார்கள். வயதான அம்மாவை அங்கே நடக்கக் கூட்டிப் போகலாமா என்று போன கிழமை ஒரு தங்கச்சி கேட்டிருந்தா. அதோடு கேள்விகள் வரிசையாக வரத் தொடங்கிவிட்டன. எல்லாவற்றுக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன்.

டோர்ட்முண்ட் தங்கச்சி: அக்கா, அம்மாவுக்கு 70 வயது, முழங்கால் நோ. படி ஏறமாட்டா. வீட்டுக்குள்ளேயே இருந்து சலிச்சுப் போனா. எந்த ஹல்டவுக்குக் கூட்டிக்கொண்டு போறது?

ஹோஹேவார்ட். ஹெர்டனுக்கும் ரெக்லிங்ஹௌசனுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் அம்மாவை உச்சிக்கு ஏற்றாதேயுங்கோ. முதல் தடவை வருகிறவர்கள் படியைக் கண்டதும் ஏறி, மூச்சு வாங்கி, மேலே ஒரு படம் எடுத்துவிட்டு இறங்கிப் போய்விடுவார்கள். மேட்டைச் சுற்றிப் போகும் அகலமான பாதை ஒன்று இருக்கிறது. பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு போகிறவர்களையும் அதில் காணலாம். ஆறுதலாக நடந்தால் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். முழுச் சுற்றும் போகவேண்டிய கட்டாயம் இல்லை, நோகும் இடத்தில் திரும்பலாம்.

ஹெர்டன் பக்கம், ஏவால்ட் சுரங்கத்தில் இருந்து தொடங்குங்கோ. அந்தச் சுரங்கம் 2000இல் மூடப்பட்டது. ஆட்களையும் கரியையும் ஏற்றி இறக்கிய இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. பக்கத்திலேயே, பழங்காலக் கோட்டை போல ஒரு செங்கல் கோபுரம். மலாகோவ் கோபுரம் என்பார்கள். 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளே ஆட்களையும் கரியையும் தூக்கிய கயிற்றுச் சக்கரத்தின் பாரத்தையும் இழுவையையும் சுவரே தாங்கவேண்டி இருந்ததால் அவ்வளவு தடிப்பு. அம்மா அதிலேயே நின்று பார்ப்பா, அவசரப்படுத்தாதேயுங்கோ. அங்கே வருகையாளர் நிலையமும் உண்டு.

சுற்றி நடக்கச் சொல்வதற்கு முழங்கால் மட்டும் காரணம் இல்லை. மேலே நின்றால் எல்லாம் தூரத்தில் தெரியும், அவ்வளவுதான். சுற்றி வந்தால் மேட்டின் ஒவ்வொரு பக்கமும் வேறாக இருப்பது தெரியும். வெயில் படும் தெற்குச் சரிவு வறண்டு, கறுத்த கல் வெளியே தெரியக் கிடக்கும். வடக்குச் சரிவில் மரம் அடர்ந்து ஈரம் இருக்கும். ரெக்லிங்ஹௌசன் பக்கம் வந்தால், நாகத்தலை போல் முடியும் சிவப்பு இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. பெயரே டிராகன் பாலம்தான். அதைக் கடந்தால் ஹொக்லார்மார்க். அங்கே சுரங்கத் தொழிலாளருக்காகக் கட்டிய பழைய வீட்டு வரிசைகளில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். கரி வெட்டினவனின் வீடு, அவன் இறங்கின குழி, அதில் இருந்து வந்த கல் மூன்றும் ஒரு நடைத் தூரத்துக்குள். உச்சியில் நின்றால் இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கமாட்டீர்கள்.

எஸ்ஸன் தம்பி: உச்சியில ரெண்டு பெரிய வளைவு தெரியுதே, அது என்ன? கிட்டப் போகலாமோ?

அது வானம் பார்க்கும் இடம். ஒரு வளைவு வடக்கு தெற்குக் கோடு, மற்றது வானத்து நடுக்கோடு. சூரியனும் நட்சத்திரமும் எங்கே உதித்து எங்கே மறைகின்றன என்று அளந்து பார்க்கலாம் என்பது திட்டம். 2008இல் திறந்தார்கள், கொஞ்ச காலத்திலேயே இரும்பில் வெடிப்புக் கண்டு வளைவுக்குக் கீழே வேலி போட்டார்கள். இவ்வளவு செலவு செய்து கட்டியதை வேலிக்கு வெளியே நின்று பார்க்க எனக்கு எரிச்சல்தான் வரும். அதே மேட்டில், கீழ்த் தட்டில் பெரிய தூண் வைத்த சூரியக் கடிகாரம் இருக்கிறது. அதன் நிழலில் நேரம் பார்ப்பது பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கெல்சன்கிர்ஷனில இருந்து ஒரு அம்மா: பிள்ளை, இது குப்பை மலைதானே? அங்க போய் மூச்சு விடலாமோ?

குப்பை இல்லை அம்மா, கல். நிலக்கரி மெல்லிய படையாகப் பாறைகளுக்கு நடுவில் இருக்கும். கரியை எடுக்கும்போது அந்தப் பாறையும் சேர்ந்துதான் வரும். இயந்திரங்கள் வந்த பிறகு இன்னும் கூட. கடைசிக் காலத்தில் மேலே வந்ததில் ஏறத்தாழப் பாதி கல்தான். கழுவிக் கரியைப் பிரித்து, மிச்சத்தைக் கொட்டினார்கள். மணக்காது. மழைக்குப் பிறகு ஈரக் கல்லின் வாசம் வரும், அவ்வளவுதான்.

இன்னொன்று. மேடு உயர்ந்த அதே காலத்தில் ஊர் தாழ்ந்தது. கீழே கரியை எடுத்த இடம் இடிந்து அமர, மேலே நிலமும் சேர்ந்து இறங்கியது. சில இடங்களில் இருபது மீற்றர் அளவுக்கு. அதனால் பல நகரங்களில் இரவு பகலாகத் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கவேண்டும். நிறுத்தினால் வீடுகளைச் சுற்றி ஏரி உண்டாகும். கடைசிச் சுரங்கமான பொட்ரொப் புறொஸ்பர் ஹானியலை 2018 டிசம்பரில் மூடிவிட்டார்கள், ஆனால் பம்புகளை மூட முடியாது.

ஒபர்ஹௌசன் அண்ணா: வேல்ஸ் நாட்டில இப்பிடி ஒரு மேடு சரிஞ்சு பள்ளிக்கூடத்தை மூடினது என்று படிச்சனான். இங்க பயமில்லையோ?

அபர்ஃபான். 1966 ஒக்டோபர் 21. ஊற்று நீர் ஓடிய இடத்தில் கொட்டியிருந்த மேடு நீர் ஊறிச் சரிந்தது. 144 பேர் இறந்தார்கள், அதில் 116 பேர் பிள்ளைகள். அதற்கு முன்னர் இங்கேயும் மேடுகள் செங்குத்தான கூம்பாகத்தான் இருந்தன, உச்சியில் இருந்து கொட்டிக்கொண்டே போவார்கள். அபர்ஃபானுக்குப் பிறகு தட்டுத் தட்டாக, சரிவைக் குறைத்து, மழைநீர் ஓட வழி வைத்துக் கொட்டினார்கள். எண்பதுகளில் இருந்து இயற்கைக் குன்று போலவே வளைத்து அமைத்தார்கள். ஹோஹேவார்டில் நீங்கள் நடக்கும் அகலமான சுற்றுப்பாதை இப்படி அமைத்த மேட்டின் தட்டுத்தான். ஆகவே பாதையில் நடக்கிறவருக்குப் பயம் இல்லை. குறுக்கு வழி என்று சரிவில் இறங்குகிறவருக்குத்தான் இருக்கிறது. கல் தட்டையாக உடைந்து கிடக்கும், கால் வைத்தால் வழுக்கும்.

அதே அண்ணா: சில மேடுகளில புகை வரும் எண்டும் சொல்லுகினம்?

பழைய கூம்பு மேடுகளில் உண்டு. அந்தக் காலத்தில் கரியைச் சரியாகப் பிரிக்கவில்லை, கல்லோடு கொஞ்சம் கரியும் போய்விடும். கல்லில் கந்தகம் கலந்த இரும்புத் தாது இருக்கும். காற்றும் ஈரமும் பட்டால் அது சூடாகும், சூடு கரியில் ஏறும். நெருப்பு வெளியே தெரியாது, உள்ளேயே வருடக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். அப்படிப்பட்ட இடங்களில் பனி விழுந்தாலும் தங்காது. எரிந்து முடிந்த கல் செங்கல் நிறத்துக்கு மாறும். கெல்சன்கிர்ஷனின் ரைன்எல்ப மேடு அப்படி உள்ளே எரிந்த மேடுதான். இன்று உச்சியில் பெரிய கொங்கிரீட் கட்டைகளை அடுக்கி, 'வானத்துப் படி' என்று ஒரு சிற்பம் வைத்திருக்கிறார்கள். வேலி போட்டு எச்சரிக்கைப் பலகை வைத்த சரிவு எங்கேயாவது கண்டால், அந்தப் பக்கம் போகாதேயுங்கோ.

ஹம் நகரில இருந்து ஒருவர்: காமாட்சி அம்பாள் கோயிலுக்கு வாறவைக்குப் பக்கத்தில நடக்க ஏதும் ஹல்ட இருக்கோ?

இருக்கிறது. கோயில் ஊன்ட்ரொப் பக்கம், கிசிங்கர் ஹ்யோஹ என்ற மேடு நகரின் மறுபக்கம் பெல்கமில். கார் வேண்டும். ஹைன்ரிஷ் ரொபர்ட் சுரங்கத்துக் கல். அந்தச் சுரங்கம் 2010 வரை ஓடியது. காலையில் தரிசனம், மத்தியானம் சோறு, பின்னேரம் ஒரு நடை என்று வைக்கலாம். தேர்த் திருவிழா அன்று மட்டும் வேண்டாம். அந்தச் சனத்துக்குள் கார் எடுத்து வெளியே வரவே பொழுதாகிவிடும்.

பொட்ரொப் தங்கச்சி: அக்கா, எங்கட ஊர் டெட்ராஏடர் ஏறினீங்களோ?

ஏறினேன், உங்களுக்குப் பரிந்துரைக்கமாட்டேன். 1995இல் ஹல்ட உச்சியில் வைத்த இரும்பு முக்கோணக் கூம்பு, ஒவ்வொரு விளிம்பும் 60 மீற்றர். படிக்கட்டு கம்பியில் தொங்குகிறது, காற்றடித்தால் ஆடும், தட்டுகள் ஓட்டை ஓட்டையாக இருப்பதால் கீழே எல்லாம் தெரியும். பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். மற்றவர்கள் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால் போதும்.

அதே தங்கச்சி: அப்ப எங்கட ஊர் ஹானியல் ஹல்ட?

அது வேறு. ஏற்றம் கூட, ஆனால் பாதை நல்லது. இயேசு சிலுவை சுமந்த கதையை நிலை நிலையாகக் காட்டும் சிலுவைப் பாதை மேலே போகிறது, ஒவ்வொரு நிலையிலும் சுரங்கக் கருவி ஒன்று வைத்திருக்கிறார்கள். உச்சியில் ஸ்பானியக் கலைஞர் அகுஸ்தின் இபரோலா 2002இல் பழைய ரயில் கட்டைகளுக்கு நிறம் தீட்டி வரிசையாக நட்ட தூண்கள். காற்று பலமாக இருக்கும், காது மூடத் தொப்பி கொண்டுபோங்கோ.

பிள்ளைகளோடு போகும் ஒரு அம்மா: பூ, பூச்சி ஏதும் காட்டலாமோ?

நிறைய. கறுத்த கல் வெயிலில் நன்றாகச் சூடேறும், மண் இல்லை, ஈரமும் நிற்காது. அதையும் தாங்கிக்கொண்டு முதலில் வருவது பேர்ச் மரம், வெள்ளைப் பட்டை. தென்னாபிரிக்காவில் இருந்து வந்த மஞ்சள் பூச்செடி ஒன்று இலையுதிர் காலத்திலும் பூத்துக் கிடக்கும், இலை மெல்லியது. விஷச் செடி, பிள்ளைகள் வாயில் வைக்கவிடாதேயுங்கோ. சாம்பல் நிற வெட்டுக்கிளி ஒன்று கல்லோடு கல்லாக இருக்கும். கிட்டப் போனால் நீலச் சிறகு விரித்துப் பறக்கும். இறங்கியதும் மறுபடி கல். மழைக் குட்டைகளில் முதுகில் மஞ்சள் கோடு போட்ட தேரை முட்டையிடும், குட்டைக்குள் கல் எறியவேண்டாம் என்று சொல்லிவையுங்கோ. பாதையோரக் கல்லை உற்றுப் பார்த்தால் முப்பது கோடி வருடத்துக்கு முந்தின செடிகளின் அச்சும் சில நேரம் அகப்படும்.

நெய்வேலிப் பக்கத்து நண்பர்: எங்க ஊர்லயும் சுரங்க மண்மேடு இருக்கே, இப்படி நடக்க முடியுமா?

நெய்வேலியில் இருப்பது பழுப்பு நிலக்கரி, திறந்தவெளிச் சுரங்கம். மேலே கிடக்கும் மணற்பாறையையும் களிமண்ணையும் அகற்றிக் கொட்டியதுதான் அந்த மேடு. இங்கே போல உடைந்த கல் இல்லை. பெருமழையில் அரித்து ஓடை விழும், சரிவு பிளக்கும். மரம் நட்டுப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஓடிக்கொண்டிருக்கும் சுரங்கத்தின் எல்லை. அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள்.

கடைசியாக, டோர்ட்முண்ட் தங்கச்சி திரும்பவும்: எப்ப போறது அக்கா, என்ன போட்டுக்கொண்டு?

ஏப்ரல் கடைசி, மே, இல்லாவிட்டால் செப்டெம்பர். ஜூலை மத்தியானம் வேண்டாம், மேலே நிழல் கிடையாது. புத்தாண்டு இரவில் வாணவேடிக்கை பார்க்க எல்லாரும் ஏறுவார்கள், அம்மாவுக்கு அது சரிவராது. செருப்பு வேண்டாம், சப்பாத்து. தண்ணீர்ப் போத்தல், சாப்பாட்டுப் பெட்டி இரண்டையும் வீட்டில் இருந்தே கொண்டுபோங்கோ. நுழைவுக் கட்டணம் இல்லை.