பள்ளியில் பிள்ளைகளின் எடையை அளந்து பெற்றோருக்குச் சொல்வது சரியா?

சொல்லத்தான் வேண்டும். ஆனால் பெற்றோர் கையில் மட்டும் கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

நாங்கள் பாளையங்கோட்டையில் இருக்கிறோம். போன வருஷம் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் மருத்துவ முகாம் வைத்து உயரம், எடை எடுத்தார்கள். வீட்டுக்கு வந்த சீட்டில் 138 செ.மீ., 41 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடைதானா என்று காட்டும் எண்) 21.5, 'அதிக எடை' என்று எழுதியிருந்தது. எனக்குச் சுருக்கென்றது. மாமியார், "வளர்ற பிள்ளையக் கண்ணு வைக்கானுவ" என்று அன்றைக்கே மிளகாய் சுற்றிப் போட்டார்கள்.

அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று பிறகு யோசித்தேன். அண்ணன் மகன் அரசுப் பள்ளியில் படிக்கிறான். அங்கே 2013-இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. என்ற அரசின் பிள்ளைகள் உடல்நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வந்து கண், காது, பல், இதயம் எல்லாம் பார்க்கும். அவனுக்குப் பார்வைக் குறை இருப்பதை அவர்கள்தான் கண்டுபிடித்தார்கள். மைனி இன்றைக்கும் அதை நன்றியோடு சொல்வாள். கண்ணில் குறை என்றால் தாயை யாரும் கேட்பதில்லை. எடை என்றதும் 'நீ என்னத்தப் போட்டு வளர்க்க?' என்று கேட்பது போல் இருக்கிறது. பிள்ளை மெலிந்திருந்தாலும் அந்தக் கேள்வி தாயிடம்தான் வரும்.

சரி என்று குழந்தை மருத்துவரிடம் போனோம். பெரியவர்களுக்குச் சொல்லும் பிஎம்ஐ 25 என்ற கணக்கை வைத்து, 21.5 ஒன்றும் மோசமில்லை என்று நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு வயதுக்கு வயது அளவு மாறுமாம். உலக சுகாதார நிறுவன அட்டவணைப்படி 10 வயதுப் பெண் பிள்ளைக்கு 19-ஐத் தாண்டினாலே அதிக எடை. பட்டினி போடக் கூடாது, டியூஷன் போகிற வழியில் வாங்கும் பப்ஸையும் குளிர்பானத்தையும் நிறுத்துங்கள், ஓடி விளையாட விடுங்கள் என்றார். அந்தச் சீட்டு வராவிட்டால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஆனால் சீட்டை வகுப்பில் வைத்து மடிக்காமல் கொடுத்திருக்கிறார்கள். பக்கத்துப் பிள்ளைகள் படித்துவிட்டார்கள். இரண்டு வாரம் மதியச் சாப்பாடு அப்படியே திரும்பி வந்தது. கேட்டால், "பசிக்கல." மூன்றாவது வாரம்தான் அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னாள். அதை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை.

தலைமையாசிரியையிடம் போய்ப் பேசினேன். பொறுமையாகக் கேட்டார். இந்த வருஷம் பெற்றோர் கூட்டத்தன்று மூடிய உறையில் என் கையில் கொடுத்தார்கள். 143 செ.மீ., 42 கிலோ. எடையை அவளிடம் சொல்லவில்லை. உயரத்தை மட்டும் கதவு நிலையில் கோடு போட்டுக் காட்டினேன்.