காவல் வாசலில், கள்ளன் குசினியில்

வாசகர் கேள்வி – பதில்: சுகாதாரம்

கொவிட் காலத்தில் நடந்தவை பற்றி இன்றும் கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அடுத்த கொள்ளைநோய்க்கும் உதவும் என்பதால் சிலவற்றுக்கு இம்முறை விரிவாகப் பதில் தருகிறோம்.

கேள்வி: 2021 ஓகஸ்டில் முகக்கவசம் இல்லாமல் ஒருவரும் வீதியில் இறங்கவில்லை. கடை வாசல் எல்லாம் கை கழுவத் தண்ணீர் வைத்திருந்தார்கள். அப்படி இருந்தும் தொற்று ஏன் கூடியது? சனம் சொல்வழி கேட்கவில்லை என்பதுதான் காரணமா? (சுன்னாகம்)

பதில்: சனத்தைக் குற்றம் சொல்வது லேசு. கணக்கைப் பாருங்கள். 2020 மார்ச்சில் வந்த முதல் வைரஸ், எந்தக் கட்டுப்பாடும் இல்லாவிட்டால், ஒருவரிடமிருந்து சராசரியாக 2 முதல் 3 பேருக்குத் தொற்றக்கூடியது. 2.5 என்று வைப்போம். முகக்கவசம், இடைவெளி, கூட்டம் கூடாமை எல்லாம் சேர்ந்து பரவலை 60 வீதம் குறைத்தால் அது 1 ஆகிவிடும், தொற்று ஏறாது. 2021 ஓகஸ்டில் பரவிய டெல்டா, அதே வைரஸ் மாறி வந்த வடிவம்; அது 5 பேர் அளவுக்குத் தொற்றக்கூடியது. அதே ஆக்கள், அதே கவனம், அதே 60 வீதம். ஆனால் 5 இப்போது 2 ஆகத்தான் குறைகிறது. ஒருவர் இருவராகி, இருவர் நால்வராகி, ஒரு சுற்றுக்கு 5 நாள் என்றால் மாதத்தில் 6 சுற்று. அது 64 மடங்கு. ஒருவரும் கவனம் குறைக்காமலே இது நடக்கும். வைரஸ் மாறினால் பழைய கவனம் போதாது.

இரண்டாவது காரணம், காவல் வாசலில் நின்றது, கள்ளன் குசினிப் பக்கத்தால் வந்தான். இந்த நோய் பெரும்பாலும் பரவுவது மூச்சுக்காற்றால். மேசையையும் காசுத்தாளையும் தொட்டு வந்தது மிகக் குறைவு. காற்றோட்டம் குறைந்த உள்ளிடங்களில் நுண்துளிகள் மிதந்து தூரத்தில் இருப்பவருக்கும் தொற்றும் என்பதை உலக சுகாதார நிறுவனமே 2021 ஏப்ரல் கடைசியில்தான் தெளிவாக எழுதியது. அதற்குள் ஒரு வருடம் மரக்கறியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிக்கொண்டிருந்தோம்.

முகக்கவசம் எங்கே போட்டோம், எங்கே கழற்றினோம் என்று யோசியுங்கள். முன்பக்கம் முழுக்கத் திறந்த பலசரக்குக் கடையில் ஐந்து நிமிடம் நிற்கும்போது போட்டோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டால் நாடியில் கிடந்ததை மூக்குக்கு ஏற்றினோம். சித்தப்பா வீட்டுக்குப் போய், நுளம்பு வருமென்று யன்னலைச் சாத்திய அறையில் இரண்டு மணித்தியாலம் இருந்து சாப்பிடும்போது கழற்றினோம். சொந்தத்துக்கு முன்னால் முகத்தை மூடியிருப்பது மரியாதையில்லை என்று நினைப்பவர்கள் எங்களில் அதிகம்.

மூன்றாவது, எண்ணிக்கை பிந்தி வரும். இன்று அறிவிக்கப்படும் தொற்று ஏறக்குறைய ஒன்றிரண்டு கிழமைக்கு முன் தொற்றியது. இறப்பு இன்னும் பிந்தும். 2021 ஓகஸ்ட் 20இல் நாடு முழுக்க ஊரடங்கு போட்டும் மாதக் கடைசி வரை இறப்பு இறங்கவில்லை. ஏறும்போதும் இப்படித்தான்: எண்ணிக்கை சிறிதாக இருக்கும் நாட்களில் ஊருக்குள் தொற்று ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும்.

கேள்வி: செத்தவீட்டில் எல்லாரும் முகக்கவசத்தோடு இருந்தோம். பிரேதத்தைத் தொடவும் இல்லை. எட்டுச் செலவு முடிவதற்குள் பல பேருக்குத் தொற்று. எப்படி? (சாவகச்சேரி)

பதில்: தேத்தண்ணி குடித்தபோது கழற்றினீர்கள் அல்லவா? பிறகு, அழுகை. சத்தமாக அழும்போதும், தேவாரம் படிக்கும்போதும், மூச்சில் வெளிவரும் நுண்துளிகள் அமைதியாக இருப்பதைவிடப் பல மடங்கு. 2020 மார்ச்சில் அமெரிக்காவின் வோஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணித்தியாலம் பாடிப் பழகியது. வந்தவர் 61 பேர், அறிகுறியோடு வந்தவர் ஒருவர், அவரையும் சேர்த்து, உறுதியானதும் சந்தேகமுமாகத் தொற்றாளர் 53 பேர்.

"போன மாதக் கலியாணத்தில் ஒன்றும் நடக்கவில்லையே" என்பார்கள். தொற்றியவர்களில் பெரும்பாலானோர் ஒருவருக்கும் கொடுப்பதில்லை. 10 முதல் 20 வீதமானோரே 80 வீதப் பரவலுக்குக் காரணம் என்று முதல் அலையில் மதிப்பிட்டார்கள். அதனால் ஒன்பது சடங்கு சுகமாக முடியும், பத்தாவதில் ஒரே நாளில் ஊர் விழும். முதல் ஒன்பதைப் பார்த்துத் துணிவு கொள்வதுதான் பிழை.

செய்யக்கூடியது: பெட்டியை அறைக்குள் வைக்காமல் முற்றத்துப் பந்தலில் வையுங்கள். பந்தலின் பக்கத்துணிகளைச் சுருட்டி மேலே கட்டிவிடுங்கள். நான்கு பக்கமும் மூடிய பந்தல் அறைதான். பந்தி வைக்காமல் சாப்பாட்டைப் பொதியாகக் கொடுத்துவிடுங்கள். சுடலைக்குப் போகும் வானில் கண்ணாடியை முழுக்க இறக்குங்கள். குளிரூட்டியைப் போட்டு 15 பேர் நெருக்கி இருக்கும் வான், வீட்டைவிட மோசம்.

கேள்வி: தொற்றாளரோடு இருந்த மூன்றாம் நாள் பிசிஆர் எடுத்தேன், இல்லை என்று வந்தது. நம்பி அப்பாவோடு இருந்தேன். பிறகு இருவருக்கும் தொற்று. பரிசோதனை பிழையா? (பருத்தித்துறை)

பதில்: எடுத்த நாள் பிழை. வைரஸ் உடலில் புகுந்து மூக்கில் பிடிபடும் அளவுக்குப் பெருக நாள் வேண்டும். 2020இல் வெளியான ஒரு பகுப்பாய்வின்படி, உண்மையில் தொற்றியவர்களில் நான்காம் நாள் சோதித்தால் 100க்கு 67 பேருக்கு "இல்லை" என்றே வரும். ஐந்தாம் நாள் 38, எட்டாம் நாள் 20. மூன்றாம் நாள் முடிவை வைத்து ஒன்றும் சொல்லமுடியாது.

இதில் பெரிய வில்லங்கம், காய்ச்சல் வருவதற்கு இரண்டு நாள் முன்பே ஒருவர் மற்றவருக்குக் கொடுக்கத் தொடங்கிவிடுவார். சுகமாக இருப்பவர் என்று நினைத்தவரிடமிருந்தே தொற்றுகிறது. சந்தேகமான தொடர்பு இருந்தால் பரிசோதனைக்குக் காத்திராமல் அன்றே ஒதுங்குங்கள். உடனே முடிவு தரும் அன்ரிஜன் சோதனை என்றால் ஐந்தாம் நாள் ஒன்று, 48 மணித்தியாலம் கழித்து இன்னொன்று. வயதானவரோடு ஒரே வீட்டில் இருந்தால் 10 நாள் தனிச் சாப்பாடு, வெளி விறாந்தையில் படுக்கை. மலசலகூடம் ஒன்றே என்றால் நீங்கள் கடைசியாகப் போய், யன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள்.

கேள்வி: ரியூசன் கொட்டிலில் 40 பிள்ளைகள். மேசைகளை ஒரு மீற்றர் தள்ளிப் போட்டால் போதுமா? (கோப்பாய்)

பதில்: ஒரு மீற்றர் கணக்கு பெரிய எச்சில் துளிகளுக்கு. மிதக்கும் நுண்துளிகளுக்கு அது தடையில்லை. அரைச்சுவரும் தகரக் கூரையுமான உங்கள் கொட்டில், குளிரூட்டிய வகுப்பறையைவிட எவ்வளவோ மேல். சுவரில் மாட்டும் சாதாரணக் குளிரூட்டி வெளிக்காற்றை எடுப்பதில்லை, உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிராக்கும்.

எதிரெதிர்ப் பக்க யன்னல்கள் திறந்திருக்க வேண்டும். நிற்கும் மின்விசிறி ஒன்றைக் காற்றுப் போகும் பக்க யன்னலில் வெளிநோக்கித் திருப்பி வையுங்கள். வாடைக்காற்றுக் காலத்தில் ஒரு பக்கம், கச்சான் காலத்தில் மறுபக்கம். மழைக்குப் பலகை அடித்து மூடுவதானால் கூரைக்கும் சுவருக்கும் இடையில் ஓர் அடி விடுங்கள். கரியமிலவாயு அளக்கும் சிறு கருவி கிடைத்தால் பிள்ளைகளுக்கு நடுவில் வைத்துப் பாருங்கள்: வெளியில் பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கும், 800ஐத் தாண்டினால் காற்றோட்டம் போதாது, மற்றவர் விட்ட மூச்சும் கூடுதலாக உள்ளே போகிறது என்று பொருள். ஒரு வகுப்பு முடிந்து மற்றது தொடங்க 15 நிமிடம் வெறுமையாக விடுங்கள். ஒலிவாங்கி வைத்தால் ஆசிரியர் கத்துவது குறையும், அதனால் பரவலும் குறையும்.

கேள்வி: இரண்டு ஊசியும் போட்டவருக்கு ஏன் வந்தது? (மானிப்பாய்)

பதில்: யாழ்ப்பாணத்தில் முதலில் பெரும்பாலும் போட்டது சீனத் தடுப்பூசியான சினோபார்ம். டெல்டா வருமுன் செய்த ஆய்வில், அறிகுறியுள்ள நோயை அது 79 வீதம் தடுத்தது. டெல்டாவிடமும் மாதங்கள் செல்லச் செல்லவும் தொற்றைத் தடுக்கும் திறன் குறைந்தது. ஒட்சிசன் கட்டிலுக்குப் போகாமல் காக்கும் திறன் அவ்வளவு குறையவில்லை.

கேள்வி: பாணி குடித்தால், ஆவி பிடித்தால் தொற்றைத் தடுக்கலாமா? (காரைநகர்)

பதில்: 2020 டிசெம்பரில் கேகாலையில் கொவிட்டைத் தடுக்கும் என்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றார்கள்; தொற்றுக்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. ஆவி மூக்கடைப்புக்கு இதம், வைரஸைக் கொல்லாது. கொதித்த பானைக்குப் பக்கத்தில் சிறு பிள்ளையை விடாதீர்கள்.

கேள்வி: வீடு முழுக்கக் குளோறின் தெளிக்கலாமா? எவ்வளவு? (கரவெட்டி)

பதில்: ஆக்கள் மேலும் காற்றிலும் தெளிக்கவே கூடாது; கண்ணும் நெஞ்சும்தான் எரியும். நோயாளி தொடும் கதவுப்பிடி, மலசலகூடம் ஆகியவற்றைத் துடைக்க மட்டும் 0.1 வீதக் கரைசல் போதும். 70 வீதக் குளோறின் தூள் என்றால் 10 லீற்றர் தண்ணீருக்கு 15 கிராம். உறையில் 35 வீதம் என்றிருந்தால் 30 கிராம். கரண்டிக் கணக்கு வேண்டாம், தராசில் நிறுங்கள். பிளாஸ்ரிக் வாளியில் கரையுங்கள். அழுக்கு இருந்தால் குளோறின் அதிலேயே செலவாகிவிடும், ஆகவே முதலில் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்து அலசி, பிறகு இதைப் பூசி 10 நிமிடம் ஈரமாக விடுங்கள். கரைத்ததை அன்றன்றே பாவித்து முடியுங்கள். மலசலகூடம் கழுவும் அமிலத்தோடு ஒருபோதும் கலக்காதீர்கள், நச்சுவாயு வரும்.